எந்தப் பாடத்தை எடுப்பது?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாளிலிருந்து என் கைபேசியில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, டீச்சர் ஆகணும். டிகிரில எந்த மேஜர் போடட்டும்?" ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர்கள், நம் முகாம்களுக்கு வந்துபோனவர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். சிலர் ப்ரௌசிங் சென்டரில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கூப்பிடுவார்கள். "சீக்கிரம் சொல்லும்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்று கடைக்காரர் சொல்வது எனக்கும் கேட்கும். அடுத்த ஐந்தாறு வருட வாழ்க்கை அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிறது.

வீட்டில் கேட்க ஆள் இல்லாததால்தான் என்னிடம் கேட்கிறார்கள். பட்டம் படித்த அப்பா, பேராசிரியராக இருக்கும் சித்தப்பா, கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழாது. எழுவதற்கு முன்பே சாப்பாட்டு நேரப் பேச்சில் பதில் கிடைத்திருக்கும். நம் பிள்ளைகள் இதைத் தங்களுடைய விவரக்குறைவு என்று நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு எப்படி மறுக்கப்பட்டது, எப்படித் துண்டு துண்டாகக் கிடைத்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை அண்ணல் அம்பேத்கரிடமிருந்தே தொடங்கலாம்.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் எடுக்க அவர் விரும்பினார். தீண்டத்தகாத மாணவனுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பாரசீகம் எடுத்தார். பள்ளிப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது பாரசீகத்தை விரும்பிய மாணவனின் பெயராகத்தான் தெரியும். அவனுக்கு முன்னால் ஒரு கதவு மூடப்பட்டது எந்தப் படிவத்திலும் பதிவாகாது. பின்னாளில் அவர் சமஸ்கிருதத்தைத் தானாகவே படித்து, அந்த மொழியில் எழுதப்பட்ட சாத்திரங்களை வரி வரியாகப் பிரித்துப் போட்டார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் எல்லா மாணவனும் அம்பேத்கர் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். மறுக்கப்பட்ட பாடத்தோடு வாழ்க்கையே திசைமாறியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அவர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். திரும்பி வந்து பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம். பணம் மூன்றாண்டுகளுக்கு மட்டும். அந்த மூன்றாண்டில் அவர் பதிவு செய்த பாடங்களின் கணக்கு இருக்கிறது. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, கூடவே தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. பட்டத்துக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு மொழி வகுப்பில்கூட உட்கார விடாத ஊரிலிருந்து போனவருக்கு, பாடப் பட்டியலை நீட்டி எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று சொன்ன இடம் அது. அவர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கூடுதல் வகுப்புகளால் என்ன ஆனது என்று பாருங்கள். அவருடைய முதன்மைப் பாடம் பொருளாதாரம். ஆனால் சாதியின் தோற்றத்தை அகமண முறையோடு இணைத்து விளக்கிய 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை 1916 மே மாதம் அவர் வாசித்தது மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்க வகுப்பில். பட்டத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்திருந்தால் அந்தக் கட்டுரை அப்போது எழுதப்பட்டிருக்காது. தத்துவத்தில் அவர் உட்கார்ந்தது ஜான் டூயியின் வகுப்பில். இருபது ஆண்டுகள் கழித்து 'சாதி ஒழிப்பு' நூலில் டூயியைத் தன் ஆசிரியர் என்றும் அவருக்குத் தான் மிகவும் கடன்பட்டவன் என்றும் எழுதினார். டூயியின் 'ஜனநாயகமும் கல்வியும்' வெளிவந்ததும் அதே 1916-ல்தான். இன்று பி.எட். மாணவர்கள் கல்வித் தத்துவத் தாளில் டூயியைப் படிக்கிறார்கள். அவருடைய வகுப்பில் அம்பேத்கர் உட்கார்ந்திருந்ததை எத்தனை பேருக்கு வகுப்பில் சொல்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

இனி நம் பக்கம் வருவோம். சென்னை மாகாணத்தில் நம்மவர்களுக்குக் கேள்வி எந்தப் பாடம் என்பதாகவே இல்லை. வகுப்புக்குள் எப்படி நுழைவது என்பதுதான் கேள்வி. இரட்டைமலை சீனிவாசன் 1939-ல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் தன் கோயம்புத்தூர்ப் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். ஏறக்குறைய நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள். சாதி தெரிந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்கள் என்ற பயத்தில் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே போவார். பேச்சுக் கொடுத்தால் ஊர், உறவு என்று கேள்வி வருமல்லவா? சக மாணவர்களிடம் பேசவே வழியில்லாதவருக்கு எந்தப் பேராசிரியர் நல்லவர், எந்தத் தேர்வுக்கு எப்போது பணம் கட்டுவது என்பதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? கல்லூரிகளில் பாதி விஷயம் மர நிழலில்தான் கைமாறுகிறது. அந்த நிழலில் அவர் நிற்க முடியவில்லை.

1892-ல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கை அரசின் முன் இருந்தது. பஞ்சமி நிலத்தின் வழியாக அது நமக்கெல்லாம் பழக்கம். அடுத்த ஆண்டே, 1893 பிப்ரவரியில், மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென்று ஓர் ஆணை போட்டது. அதில் நம் மாணவர்களை ஆசிரியப் பயிற்சிக்கு எடுத்து உதவித்தொகை தருவதும் ஒரு பகுதி. இது கருணையால் மட்டும் வந்ததல்ல. சேரிக்குள் வந்து பாடம் சொல்லச் சாதி இந்து ஆசிரியர்கள் தயாராக இல்லை. அப்படியானால் சேரியிலிருந்தே ஒருவரைத் தயார் செய்ய வேண்டும் என்ற கணக்கு அது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் தொடக்கமான நார்மல் பள்ளி 1856-லேயே வந்துவிட்டது. நம்மவர்களுக்கு ஆசிரியப் பயிற்சி வந்து சேர்ந்த வழி மட்டும் வேறாக இருந்தது. இன்றும் நம் குடும்பங்களில் முதல் பட்டதாரி என்றால் பெரும்பாலும் வாத்தியார்தான். அது நமக்குப் பிடித்த தொழில் என்று பெருமையாகச் சொல்கிறோம், நானும் சொல்வதுண்டு. முதலில் திறந்த கதவுகளில் அது ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாறு அருகே முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவை ஐந்தாயின. அந்தப் பள்ளிகளுக்கு நாம் நன்றியோடுதான் இருக்கிறோம். ஆனால் எதைப் படிப்பது என்பதில் அவருக்குத் தெளிவான எல்லை இருந்தது. எழுத்து, கணக்கு, சமையல் என்று வேலைக்குப் போகும் இடத்தில் உதவும் அளவுக்கு இருந்தால் போதும். பல்கலைக்கழகம் வரை கொண்டுபோவது அவர் திட்டத்தில் இல்லை. இவனுக்கு இவ்வளவு போதும் என்று அன்பானவர்களே முடிவு செய்கிற பழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று இது. இன்றும் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளையிடம், "உனக்கு எதுக்குப்பா கணக்கு குரூப், கஷ்டப்படுவ, தொழிற்பிரிவு எடு" என்று சொல்லும் ஆசிரியரிடம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

எம்.சி. ராஜா அதை மீறி வந்தவர்களில் ஒருவர். 1883-ல் பரங்கிமலையில் பிறந்து, கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். பிறகு சட்டமன்றத்துக்குப் போனார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று 1922-ல் ஆணை வந்தது. சேர்க்கைப் படிவத்தில் 'ஆதிதிராவிடர்' என்று டிக் அடிக்கும்போது நாம் அந்தப் பள்ளி ஆசிரியரின் உழைப்பின் மேல்தான் பேனா வைக்கிறோம். அதே காலத்தில் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி உருவாகி, நம் மக்களுக்கான பள்ளிகளும் விடுதிகளும் உதவித்தொகையும் அந்தத் துறையின் கீழ் வந்தன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது.

இடஒதுக்கீட்டின் எண்கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். 1927-ன் வகுப்புவாரி ஆணையில் 12 இடங்களில் நமக்கு 1. 1947-ல் 14-ல் 2. கல்லூரிச் சேர்க்கைக்கும் அந்த முறை வந்தது. அதை எதிர்த்து வந்த செண்பகம் துரைராஜன் வழக்கை வகுப்பில் படித்திருப்பீர்கள். அதில் ஒரு சின்ன விவரத்தை மட்டும் இங்கே நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்ட அந்த அம்மையார், அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்தார், பார்ப்பனர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டார், 1950 ஜூனில் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. அவர் வென்றால் ஓர் இடம் ஒதுக்கித் தருவதாக அரசு ஒப்புக்கொண்டதால், விண்ணப்பிக்காதவர் எப்படி வழக்குப் போடலாம் என்ற கேள்வியை நீதிபதிகள் வலியுறுத்தவில்லை. 1951 ஏப்ரலில் வகுப்புவாரி ஆணை வீழ்ந்தது. பெரியாரின் தலைமையில் தமிழ்நாடு கொதித்தது. ஜூன் மாதம் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 15(4) சேர்ந்தது.

நான் இந்தக் கதையை முகாம்களில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள். ஏனென்றால் அவர்களில் பலர் நேர் எதிரான அனுபவத்தோடு வந்தவர்கள். தகுதி இருந்தும், இடம் காலியாக இருந்தும், கடைசித் தேதி தெரியாமல் விண்ணப்பிக்காதவர்கள். விசாரிப்பது என்பது ஒரு சொத்து. யாரிடம் போவது, எந்தச் சொல்லில் கேட்பது, கிடைத்த பதிலை வைத்து அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருப்பது பரம்பரையாக வருகிறது. ஒருவருக்கு அது விண்ணப்பம் இல்லாமலே உச்ச நீதிமன்றம் வரை வழி காட்டியது. நமக்கோ விண்ணப்பப் படிவம் விற்கும் ஜன்னல் எது என்பதே பிரச்சினை.

பண உதவி என்ற வகையில் பெரிய மாற்றம் 1944-ல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1942-ல் கொடுத்த மனுவில் வைத்த கோரிக்கைகளின் விளைவு அது. அதுவும் விடுதிகளும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் நம்மில் பாதிப் பேர் கல்லூரி வாசலைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் உதவித்தொகை, படிக்கச் சேர்ந்த பிறகு வருவது. சேரும் முன் பேச வேண்டிய ஆள் அந்தத் திட்டத்தில் இல்லை. விடுதிக் காப்பாளர் செய்யலாம், செய்தவர்களும் இருக்கிறார்கள். அரிசிக் கணக்குக்கு நடுவில் எத்தனை பேருக்கு நேரம் இருக்கும்?

பொறியியலுக்கு 1997-ல் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வந்தது. 2006-ல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை நீக்கினார்கள். இரண்டுமே நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் திரையில் காலியிடங்கள் ஓடும். அப்பாவும் மகளும் இரவுப் பேருந்தில் வந்து, பல் துலக்கிய கையோடு அதைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். குறைகள் இருந்தாலும் அந்த மண்டபத்தில் ஒரு நன்மை இருந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம். வாசலில் நம் இயக்கத்துத் தோழர்கள் துண்டறிக்கையோடு நிற்பார்கள். 2018 முதல் அது இணையவழி ஆனது. பயணச் செலவு மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கக் கிடைத்த பக்கத்து நாற்காலியும் போய்விட்டது. சாய்ஸ் ஃபில்லிங் செய்வது ப்ரௌசிங் சென்டர் பையன்.

ஆசிரியப் படிப்புக்கு வருகிறேன். இங்கே தவறு நடப்பது பி.எட். சேரும்போது இல்லை. மூன்று வருடம் முன்பே, இளங்கலையில் மேஜர் போடும்போதே நடந்துவிடுகிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் போன்றவற்றில் இளங்கலை முடித்தால் பி.எட். போகலாம். ஆனால் பொருளாதாரம், வணிகவியல், அரசியல் அறிவியல், சமூகவியல், மனையியல், உளவியல் படித்தவர்களுக்கு முதுகலைப் பட்டமும் கேட்கிறார்கள். அவை பத்தாம் வகுப்பு வரை தனிப் பாடங்களாக இல்லை என்பது காரணம். அரசுக் கல்லூரியில் பி.காம். கிடைத்த சந்தோஷத்தில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டு முடிவில் "பி.எட். அப்ளிகேஷன் எங்கக்கா கிடைக்கும்" என்று கேட்டு வரும் பெண்ணிடம் இதைச் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. இன்னும் இரண்டு வருடம் எம்.காம்., பிறகு பி.எட். இரண்டு வருடம். 2015-க்கு முன் பி.எட். ஒரே வருடமாக இருந்தது. வீட்டில் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா இந்தக் கணக்கைக் கேட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் கஷ்டம்.

இணைப் பட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. பயன்பாட்டு அறிவியல், சிறப்புப் பிரிவு என்று கவர்ச்சியான பெயரோடு சில தனியார் கல்லூரிகள் நடத்தும் பட்டங்கள், வேலைக்கான அறிவிப்பில் கேட்கும் பாடத்துக்கு இணையானவை என்று அரசாணை இருந்தால்தான் செல்லும். சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் இன்னொரு கூட்டம். மாநில அரசு வேலைக்கு அது செல்லாது என்று 2009-ல் ஆணை வந்தது. பகலில் கொத்து வேலை பார்த்துக்கொண்டு இரவில் படித்து வாங்கிய பட்டம் அது.

இட ஒதுக்கீட்டைப் பயன்படுத்துவதிலும் இதே கதை. 69 சதவீதம் போக மீதி 31 சதவீதம் பொதுப் பட்டியல். அது எல்லோருக்கும் உரியது. பிற சாதிகளுக்கென்று ஒதுக்கியதல்ல. பொதுப் பட்டியலில் வரும் மதிப்பெண் எடுத்த நம் மாணவி அந்த இடத்தை எடுத்தால், 18 சதவீதத்தில் இருக்கும் இடம் இன்னொரு நம் பிள்ளைக்குப் போகும். "உங்களுக்குத்தான் தனியா இருக்கே, அதுல எடுத்துக்கோம்மா" என்று மேசைக்கு எதிரே இருப்பவர் சொன்னால், பதினேழு வயதுப் பெண் தலையாட்டிவிடுவாள். அந்தத் தலையாட்டலில் ஓர் இடம் போய்விடும். அருந்ததியர் மாணவர்கள் 2009-ல் வந்த 3 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றில் சரியான பெயர் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பி.எட். சேர எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு இளங்கலையில் 40 சதவீதம் போதும் என்பதையும், 50 வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இருப்பதால், இங்கே எழுதி வைக்கிறேன்.

மே, ஜூன் மாதங்களில் நாங்கள் சிலர் மாலை நேரத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறோம். மேசை, நான்கு நாற்காலி, போன வருடக் கட்ஆஃப் பட்டியல், ஒரு ஸ்டேப்ளர். விண்ணப்பம் போடும் முன் வா, போட்ட பிறகு வராதே என்பது மட்டும்தான் விதி. உங்கள் ஊரில் இரண்டு பேர் சேர்ந்தாலே இதைச் செய்ய முடியும். பட்டம் முடித்த ஒருவர், இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒருவர்.

போன வாரம் பி.எட். முதலாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி உதவிக்கு வந்திருந்தாள். கூட்டம் இல்லாத நேரத்தில் டூயி பற்றிய குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய வகுப்பில்தான் அம்பேத்கர் படித்தார் என்று சொன்னேன். நம்பவில்லை. பாடக் கணக்கைக் காட்டியதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"எகனாமிக்ஸ் மேஜரா? அப்போ நம்ம ரூல்ல அவரால பி.எட். சேர முடியாதே அக்கா."

"எம்.ஏ. முடிச்சிருக்காரே, 1915-ல. சேரலாம்."

"வெளிநாட்டு டிகிரி. இணைச் சான்று கேப்பாங்க" என்றாள். அதற்குள் சாதிச் சான்றிதழ் நகலோடு ஒரு பையன் வந்து நின்றான்.